மார்கரெட் கிரேக்கப் பெயர்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு மறைந்த பாட்டியின் பெயரான மார்கரெட்டையே சூட்ட விரும்புகிறீர்கள். அது கிரேக்கப் பெயர், முத்து என்று பொருள் என்று உங்கள் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். உறவினர் ஒருவர் அது சமஸ்கிருத ‘மஞ்சரி’யிலிருந்து போன சொல் என்கிறார். இன்னொருவர், முத்து கொற்கையிலிருந்து போனதென்றால் அதன் பெயரும் தமிழிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்கிறார். போதாக்குறைக்கு, பாட்டியின் திருமுழுக்குப் பதிவேட்டில் ‘மர்கரீத்தம்மாள்’ என்றும் திருமணப் பதிவேட்டில் ‘ரீத்தம்மாள்’ என்றும் எழுதியிருக்கிறது. ஆக, நீங்கள் கேட்பது பெயரின் பொருளை அன்று. அந்தச் சொல் எந்த மொழியில் பிறந்தது, பதிவேடுகளில் இருப்பவை ஒரே பெயரின் இரண்டு வடிவங்களா என்பதையே கேட்கிறீர்கள். கூடவே, இப்பெயர் கொண்ட புனிதர்களின் திருநாள்களையும் கேட்டிருக்கிறீர்கள். குருமட மாணவர்களுக்கு 22 ஆண்டுகள் மறைநூல் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஈரானிய மொழிகளை நான் முறையாகக் கற்றதில்லை. அந்தப் பகுதியில் மட்டும் அத்துறை அறிஞர்களின் முடிவுகளைச் சார்ந்தே பேசுகிறேன்.

சுருக்கமான விடை வேண்டுமானால், பங்குத்தந்தை சொன்னது முக்கால்வாசி சரி. மார்கரெட் என்னும் பெயருக்கு மூலமான ‘மர்கரீத்தேஸ்’ கிரேக்கச் சொல்தான், பொருளும் முத்துதான். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கிரேக்கம் புகுந்த வீடு. பிறந்த வீடு அன்று. கிரேக்க மொழிக்குள் தேடினால் அதற்கு வேர்ச்சொல் எதுவும் கிடைப்பதில்லை. ஹோமரின் காப்பியங்களில் அது இல்லை. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, கற்களைப் பற்றி எழுதிய சிறு நூலில்தான் தெளிவாக முகம் காட்டுகிறது. விலை உயர்ந்த கழுத்தணிகளுக்கு ஆகும் கல் என்றும், சிப்பி போன்ற ஓர் உயிரியில் உண்டாவது என்றும், இந்தியாவிலும் செங்கடல் தீவுகள் சிலவற்றிலும் கிடைப்பது என்றும் அவர் குறிக்கிறார். (அக்காலக் கிரேக்கர் செங்கடல் என்றபோது பாரசீக வளைகுடாவையும் இந்தியப் பெருங்கடலையும் சேர்த்தே எண்ணினார்கள்.) சொல்லின் ஈற்றில் உள்ள ‘-ஈத்தேஸ்’ கற்களின் பெயர்களுக்குக் கிரேக்கர் வழக்கமாகச் சேர்க்கும் விகுதி, இன்று ஹெமடைட், கிராஃபைட் என்று நாம் சொல்லும் பெயர்களின் வாலில் இருப்பதும் அதே விகுதிதான். எனவே கிரேக்கர்கள் வெளியிலிருந்து வந்த ஒரு சொல்லை எடுத்து, அதற்குத் தங்கள் விகுதியைப் போர்த்திக்கொண்டார்கள் என்பது ஏறத்தாழ உறுதி. அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப் பின் கீழைக்கடல் முத்து கிரேக்கரிடம் பெருகிய காலமும் இச்சொல் பரவிய காலமும் ஒத்துப்போகின்றன.

அந்த வெளி எது என்பதில் இன்று பெரும்பாலான மொழியியலர் ஈரானிய மொழிகளைக் காட்டுகிறார்கள். பாரசீகத்தில் முத்துக்கு இன்றும் ‘மொர்வாரீத்’ என்றே பெயர். இடைக்காலப் பாரசீகத்தில் அது ‘முர்வாரீத்’. பட்டுப்பாதையில் வணிகம் செய்த சோக்தியரின் மொழியிலும், ஆர்மேனியத்திலும், சிரிய மொழியிலும் ‘மர்க-’ என்று தொடங்கும் உறவுச் சொற்கள் உள்ளன. சிரியத்தில் அது ‘மர்கானீத்தா’. அரபியில் பவளத்தைக் குறிக்கும் ‘மர்ஜான்’ இந்தச் சிரியச் சொல்லின் வழி வந்ததே என்பது பரவலான கருத்து. பழைய உரையாசிரியர் சிலர் அதற்குச் சிறுமுத்து என்றும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அலிபாபா கதையில் எண்ணெய்க் குடங்களில் ஒளிந்திருந்த திருடர்களைக் கண்டுபிடிக்கும் மர்ஜியானாவும் உங்கள் பாட்டிக்குப் பெயரளவில் தூரத்து உறவு. இந்தச் சொற்கள் ஒரு குடும்பம் என்பது வரை ஐயமில்லை. அதற்கும் முந்தைய மூலப்பொருள் என்ன என்பதில்தான் சிக்கல். ‘பறவையின் ஓட்டில் பிறந்தது’ என்று பொருள்படும் ஒரு பழைய ஈரானியத் தொடரை மீட்டுருவாக்கி, சிப்பியின் இரு ஓடுகளையும் பறவையின் சிறகுகளாகக் கண்ட உருவகம் அது என்று விளக்குவோர் உண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் அப்படி ஒரு தொடர் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை. ஆகவே அதை ஒரு கருதுகோளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயர்சூட்டு விழாவில் உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம்.

மஞ்சரிக் கதைக்கு வருவோம். அது உங்கள் உறவினர் கட்டியதன்று. பழைய அகராதிகள் பலவற்றில் இருந்த விளக்கம்தான், இணையத்தில் பெயர்ப்பொருள் சொல்லும் பக்கங்கள் அதை இன்னும் விடாமல் படியெடுத்துக்கொண்டிருக்கின்றன. சமஸ்கிருதத்தில் மஞ்சரி என்றால் பூங்கொத்து, தளிர்க்கொத்து. அதற்கு முத்து என்ற பொருளும் நிகண்டு வகை நூல்களில் பதிவாகியிருப்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். இதில் இரண்டு இடர்கள் உண்டு. இலக்கிய வழக்கில் முத்தைச் சுட்டச் சமஸ்கிருதம் இயல்பாகப் பயன்படுத்துவது ‘முக்தா’, ‘மௌக்திகம்’ போன்ற சொற்களையே. அதைவிடப் பெரிய இடர் ஒலி பற்றியது: ‘மஞ்ச-’ என்பது ‘மர்க-’ என்று மாறுவதற்கு வழக்கமான ஒலிமாற்ற விதி எதுவும் இடம் தருவதில்லை. இரு சொற்கள் காதுக்கு ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. அப்படியென்றால் மரகதத்தையும் மார்கரெட்டையும் கூட இணைத்துவிடலாம். உண்மையில் மரகதத்துடன் தொடர்புள்ள கிரேக்கச் சொல் ‘ஸ்மராக்தோஸ்’, அதன் வழி வந்த பெண்பெயர் எஸ்மெரால்டா. அது வேறு குடும்பம்.

தமிழ் என்று சொன்ன உறவினரிடம் எனக்குச் சற்றுப் பரிவு உண்டு. அவர் கையில் இருப்பது வெறுங்கை அன்று. முத்து தமிழகக் கடலிலிருந்து போனது என்பது உறுதியான வரலாறு. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய ‘எரித்ரேயக் கடலின் வழிகாட்டி’, பாண்டியனின் ஆட்சிக்கு உட்பட்ட ‘கொல்கோய்’ என்னும் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததைச் சொல்கிறது. மதுரைக்காஞ்சி போற்றுவதும் அந்தக் கொற்கையையே. அந்த வழிகாட்டி நூலில் முசிறி முதலிய மேலைக்கரைத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகும் சரக்குகளின் வரிசையில் ‘மர்கரீத்தேஸ்’ வருகிறது. கொற்கையின் முத்துக்கோ, சிப்பியின் பெயரால் அமைந்த ‘பினிக்கோன்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல் வருகிறது. 

இதைவிடச் சுவையானது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதிய இந்தியா பற்றிய நூலில் உள்ள செய்தி. சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸைப் பெரிதும் சார்ந்து எழுதப்பட்ட நூல் அது. கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீசுக்கு இந்தியாவில் ஆண்மக்கள் பலரும் பண்டாயா என்ற ஒரே மகளும் இருந்தார்கள். அவள் ஆண்ட நாடு அவள் பெயரையே பெற்றது. கடலெல்லாம் தேடிக் கண்ட புதுமையான பெண்ணணியாகிய முத்தைத் தந்தை திரட்டி வந்து மகளுக்குப் பூட்டினான் என்று அந்தக் கதை போகிறது. அங்கேதான் அர்ரியன், கடல்முத்தாகிய மர்கரீத்தேஸ் ‘இந்தியர்களின் மொழியில் அவ்வாறு அழைக்கப்படுகிறது’ என்று எழுதுகிறார். பண்டாயா என்ற பெயரில் பாண்டியரைக் காண்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் உடன்படுகிறார்கள். ஆகவே உங்கள் உறவினர் துள்ளிக் குதிக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முத்தைக் குறிக்கத் தமிழில் உள்ள முத்து, தரளம், நித்திலம், ஆரம் ஆகிய எந்தச் சொல்லும் மர்கரீத்தேஸை ஒத்திருக்கவில்லை. வேறு இந்திய மொழி எதிலும் அதற்கு நேரான பழஞ்சொல் கிடைக்கவுமில்லை. மெகஸ்தனிஸ் போன்றோர் இந்தியச் செய்திகளைப் பெற்றது வடமேற்கு எல்லை வழியாக, ஈரானிய மொழி பேசுவோர் இடையே நிற்கும் பாதையில். கிழக்கிலிருந்து வரும் சரக்குக்கு இடைத்தரகர் வைத்த பெயரையே, சரக்கு புறப்பட்ட நாட்டின் சொல்லாக ஒரு வெளிநாட்டார் எண்ணிக்கொள்வது எங்கும் நடப்பதுதான். எனவே என் தீர்ப்பு இது: முத்துக்குத் தமிழகம் உரிமை கொண்டாடலாம், பெயருக்கு முடியாது. (‘முத்து’ தமிழா, ‘முக்தா’விலிருந்து வந்ததா என்ற வழக்கு தனி, அதை இங்கே திறந்தால் இரவு முழுதும் போதாது.)

இனி, கல்லின் பெயர் எப்படிப் பெண்ணின் பெயரானது என்பது. கிரேக்கத்தில் மர்கரீத்தேஸ் ஆண்பால் சொல்; ‘கல்’ என்பதற்கான கிரேக்கச் சொல் ஆண்பாலாக வழங்கியதால் இதுவும் அவ்வாறே நின்றது. லத்தீன் அதை வாங்கியபோது ‘மார்கரீத்தா’ என்று அகர ஈற்றில் முடித்தது. லத்தீனில் அந்த ஈறு பெரும்பாலும் பெண்பாலுக்கு உரியது. இந்த இலக்கண விபத்து நேர்ந்திராவிட்டால் இது பெண்பெயர் ஆகியிருக்குமா என்பதே ஐயம். ரோமில் இப்பெயர் தாங்கிய கல்வெட்டுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வேட்டை நாயின் நடுகல் பாட்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சலவைக்கல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் பிறந்தேன், வளமிக்க கடலின் சிப்பி என் அழகுக்குத் தக்க பெயரை எனக்குத் தந்தது’ என்று அந்த நாயே பேசுவதாக அமைந்த செய்யுள் அது. பெயர் மார்கரீத்தா. அக்காலத்திலேயே, படிப்போர் பெயரைக் கண்டதும் முத்தை நினைப்பார்கள் என்று புலவர் எதிர்பார்த்திருக்கிறார்.

கிறித்தவர்களிடையே பெயர் மதிப்புப் பெறப் புதிய ஏற்பாடும் வழி செய்தது. விலை உயர்ந்த ஒரு முத்துக்காகத் தனக்கு உள்ளதையெல்லாம் விற்ற வணிகனின் உவமை மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. மூலத்தில் உள்ள சொல் மர்கரீத்தேஸ். விண்ணக எருசலேமின் பன்னிரு வாயில்களும் பன்னிரு முத்துகள் என்று திருவெளிப்பாடு 21 சொல்வதும் அதே சொல்லால்தான். அந்தியோக்கியாவின் பெலாகியா என்ற நடிகையின் மனமாற்ற வரலாற்றில், பெற்றோர் தனக்கு இட்ட பெயர் பெலாகியா என்றும், தான் அணிந்த முத்துகளின் மிகுதியால் ஊரார் தன்னை மர்கரீத்தோ என்று அழைத்தார்கள் என்றும் அவளே சொல்கிறாள். பெலாகியா என்றால் கடலுக்கு உரியவள். இன்னோர் அந்தியோக்கியாவில், அதாவது இன்றைய துருக்கியில் இருந்த பிசிதியா அந்தியோக்கியாவில், ரோமைப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்து வேதகலாபனையில், அதாவது கிறித்தவர்களைத் துன்புறுத்திய நடவடிக்கையில், உயிர் நீத்ததாகச் சொல்லப்படும் இளம் மறைச்சாட்சியை மேலைத் திருச்சபை மார்கரீத்தா என்கிறது, கீழைத் திருச்சபை மரீனா என்கிறது. மரீனாவும் கடலின் பெயரே. கடல், முத்து, அந்தியோக்கியா ஆகிய மூன்றும் இப்படித் திரும்பத் திரும்பச் சேர்வதால், தனித்தனிப் பெண்களின் கதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நானும் அவர்கள் பக்கமே சாய்கிறேன்.

அந்த மறைச்சாட்சி மார்கரீத்தாவின் வரலாற்றில் உறுதியானது மிகக் குறைவு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பறவை நாகம் ஒன்று அவளை விழுங்கியதும், அவள் கைச்சிலுவை அதன் வயிற்றைப் பிளக்க உயிரோடு வெளியே வந்ததும் இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பிரபலமான கதைகளுள் ஒன்று. அதனாலேயே அவள் பேறுகாலப் பெண்களின் பாதுகாவலர் ஆனாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனிதர் வரலாறுகளைத் தொகுத்த யாக்கோபு தெ வொராஜினே கூட, நாகம் விழுங்கிய செய்தியை ஏற்க முடியாது என்று குறித்துவிட்டுத்தான் நகர்கிறார். பெயரை விளக்கும்போதோ, முத்து வெண்மையானது, சிறியது, ஆற்றல் உள்ளது, அவளும் அப்படியே என்கிறார். 1969இல் ரோமை பொது நாள்காட்டி சீர்திருத்தப்பட்டபோது, வரலாற்றுச் சான்று போதாமையால் அவள் திருநாள் அதிலிருந்து நீக்கப்பட்டது.

வரலாற்றில் கால் ஊன்றி நிற்கும் மார்கரெட் ஸ்காட்லாந்து அரசி. ஹங்கேரியில் பிறந்து, மூன்றாம் மால்கமை மணந்து, 1093இல் இறந்தவர். ஸ்காட்லாந்தில் இப்பெயர் வேரூன்ற அவரே பெருங்காரணம். வடக்கே டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் 1397இல் கால்மார் ஒன்றியமாக இணைத்தவரும் ஒரு மார்கரெட்தான். இப்படி அரண்மனைகள் வழியாக ஐரோப்பா முழுதும் பரவிய பெயர், ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு வகையில் தேய்ந்தது. ஜெர்மனியில் முன்பாதி உதிர்ந்து கிரேட்டா, கிரெட்டல், கிரெட்சென் ஆயிற்று. ஆங்கிலத்தில் மெக் என்று சுருங்கி, எதுகைக்காகப் பெக் என்று திரிந்து, பெக்கியில் முடிந்தது. மார்கரெட்டுக்கும் பெக்கிக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு இதுவே விடை. பழைய ஆங்கிலேயரும் பழைய ஜெர்மானியரும் முத்தைக் குறிக்கும் இந்த அயற்சொல்லைத் தங்கள் மொழியாகவே கேட்டு, ‘கடல்மணல்’ என்று பொருள்படுமாறு முறையே ‘மெரெகிரோத்’, ‘மெரிகிரியோஸ்’ என்று திருத்திக்கொண்டார்கள். வேற்றுச் சொல்லுக்குள் சொந்தச் சொல்லைக் கண்டுகொள்ளும் பழக்கம் நம் உறவினர்களிடம் மட்டும் உள்ளதன்று. பிரெஞ்சில் மார்கரீத் என்பது ஒரு சிறு வெள்ளைப் பூவுக்கும் பெயராகிவிட்டது. அந்தப் பூவை ஆங்கிலம் டெய்சி என்கிறது, அதனால் மார்கரெட் என்ற பெண்ணை வீட்டில் டெய்சி என்று அழைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வந்தது. நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களில் டெய்சி தனிப்பெயராகவே நிலைத்துவிட்டது. பாரதியார் தம் ‘ஸ்வதேச கீதங்க’ளைக் காணிக்கையாக்கிய நிவேதிதா தேவியின் பிறப்புப் பெயரும் மார்கரெட் எலிசபெத் நோபிள் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது பதிவேடுகள். ரீத்தா என்பது இத்தாலிய மார்கெரித்தாவின் பின்பாதி. 1457இல் இறந்து 1900இல் புனிதராக அறிவிக்கப்பட்ட காஷியா நகர் ரீத்தாவின் திருமுழுக்குப் பெயர் மார்கெரித்தா என்பதே. எனவே சொல்லளவில் மர்கரீத்தம்மாளும் ரீத்தம்மாளும் ஒன்றே. இதில் ஐயம் வேண்டாம். ஆனால் உங்கள் பாட்டியின் பெயர் ஏன் மாறியது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இயலும். வீட்டில் சுருக்கி அழைத்த பெயரைத் திருமணத்தின்போது அப்படியே சொல்லியிருக்கலாம். அல்லது 1900க்குப் பின் பரவிய புனித ரீத்தா பக்தியினால் குடும்பம் மனமுவந்து அந்த வடிவத்தை ஏற்றிருக்கலாம். இரண்டு பதிவேடுகளிலும் பெற்றோர் பெயர், ஊர், ஞானப்பெற்றோர் ஆகிய குறிப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, அவை ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை: வட இந்தியாவில் வழங்கும் ரீத்தா பெரும்பாலும் ‘ருத’ என்னும் வேதச் சொல்லோடு இணைத்துச் சொல்லப்படுவது, ஒலி ஒன்றானாலும் நம் ரீத்தம்மாளுக்கும் அதற்கும் உறவில்லை.

திருநாள்களையும் கேட்டிருக்கிறீர்கள். மறைச்சாட்சி மார்கரீத்தாவுக்கு மேலைத் திருச்சபையின் மரபில் ஜூலை 20. ஸ்காட்லாந்து மார்கரெட்டுக்கு நவம்பர் 16. காஷியா ரீத்தாவுக்கு மே 22. திரு இருதய பக்தியைப் பரப்பிய பிரெஞ்சுத் துறவி மார்கரெட் மரியா அலக்கோக்கின் திருநாள் அக்டோபர் 16. அவர் 1690இல் இறந்து 1920இல் புனிதர் பட்டம் பெற்றவர். தமிழ்நாட்டில் ‘மார்கரெட் மேரி’ என்று இரட்டைப் பெயராக வைக்கப்படுவது பெரும்பாலும் இவரை எண்ணித்தான். பாட்டிக்கு எந்தப் புனிதரின் நாமவிழா கொண்டாடப்பட்டது என்று வீட்டு மூத்தவர்களைக் கேட்டால், எந்த மார்கரெட்டை எண்ணி அவருக்குப் பெயரிட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

எழுத்துக் கூட்டுவதைப் பற்றி ஒன்று. ‘மார்கரெட்’ ஆங்கிலம் வழி வந்த வடிவம். நடு அசையை ஆங்கிலம் குறுக்கிவிட்டது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்த ‘ரீ’ நெடில், அழுத்தமும் அதன்மேல்தான் விழும். இத்தாலியர் பெயரைச் சுருக்கியபோது அந்த அசை பிழைத்து நின்று ரீத்தா ஆனதும் அதனால்தான். போர்த்துக்கீசியத்தில் பெயர் ‘மர்கரீதா’ என்று மெலிந்து ஒலிக்கும். உங்கள் பாட்டியின் பதிவேட்டில் ‘த்த’ என்று வலித்து எழுதியிருப்பதைப் பார்த்தால், எழுதிய குருவானவர் லத்தீன் வடிவத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறப்புச் சான்றிதழில் மார்கரெட் என்றே இருக்கட்டும். திருமுழுக்குப் பெயரை மட்டும் ‘மர்கரீத்தா’ என்று எழுதச் சொன்னால், பாட்டியின் பெயரும் நெடில் குறையாமல் குழந்தைக்கு வந்துசேரும்.